பெரியண்ணனும் சின்னண்ணனும்: திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம்

நூறாண்டுக்கு முன் நம் பக்கத்தில் வெள்ளைக்கார மிஷனரி என்றால் பங்களா, சமையற்காரர், வேலையாட்கள். உள்ளூர் உபதேசியார் பெரும்பாலும் அந்தப் பங்களாவின் வராந்தாவோடு சரி. விதிவிலக்கானவர்கள் இருந்தார்கள், வழக்கம் என்னவோ இதுதான். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் நம் திருநெல்வேலிச் சீமைக்காரரான வே. ச. அசரியா எழுந்து, எங்களுக்குத் தியாகிகள் மட்டும் போதாது, நண்பர்களும் வேண்டும் என்ற பொருளில் பேசியபோது அரங்கில் பலருக்கு முகம் சுண்டியது.

அசரியா கேட்ட அந்த நட்புக்கு உருவம் கொடுப்பதுபோல், 1921இல் திருப்பத்தூரில் இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தை அமைத்து ஒரே குடும்பமாக வாழத் தொடங்கினார்கள். அன்று அது வட ஆற்காடு மாவட்டம். ஒருவர் தமிழர், எஸ். ஜேசுதாசன். மற்றவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தின் அலோவா ஊரில் கம்பளி நூல் ஆலைகள் வைத்திருந்த செல்வக் குடும்பத்துப் பிள்ளை. பிரிட்டனில் தொடங்கிய நட்பு அது. இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள், மரக்கறி உணவு உண்டார்கள், சுற்றுக் கிராமத்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். வயதில் மூத்த ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் ஆளப்படும் நாட்டில் இளையவராக அடங்கியிருக்கச் சம்மதித்தார் என்பதை இன்றைய வாசகர் சாதாரணமாகக் கடந்துவிடக்கூடும். அன்றைய மாவட்ட அதிகாரிகளின் கண்ணுக்கு அது சாதாரணமாகப் பட்டிருக்காது.

ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை கைநூல் கதருக்கு மாறியதற்குக் கூலியும் கிடைத்தது. 1932இல், அந்நியத் துணி மறியல் நடந்துகொண்டிருந்த சென்னையில், கதர் உடுத்தியிருந்த பேட்டனைப் போலீசார் தடியால் அடித்தார்கள், சாயத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். விவகாரம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போயிற்று.

ஆசிரமத்தைப் பற்றி எழுதுவோர் முதலில் காட்டுவது ஜெபாலயத்தின் படத்தைத்தான். திராவிடக் கோயில் பாணியில் எழுந்த கோபுரமும் மண்டபமும், உச்சியில் சிலுவை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்து தொழும் இடம். இது என்ன, கோயிலா சபையா என்று முகம் சுளித்த கிறிஸ்தவர்களும் உண்டு. அழகான கட்டடம்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் என் கணக்கில் அதற்கு இரண்டாம் இடமே. கோபுரத்தை ஸ்தபதிகள் எழுப்பித் தந்துவிடுவார்கள். ஒரே பந்தியில் உண்டு, நோயாளிகள் கூட்டத்தில் பகலெல்லாம் களைத்து, காலையில் மனத்தாங்கல் கொண்டவர் பக்கத்திலேயே மாலை ஜெபத்துக்கு உட்காரும் பழக்கத்தை வேறு யாரும் செய்து தர முடியாது. விசுவாசத்தை ஞாயிறு ஆராதனையோடு முடித்துக்கொள்ளும் நமக்கு இந்த அன்றாடம்தான் கடினமான பாடம்.

இதுபோன்ற கிறிஸ்தவ ஆசிரமங்கள் பின்னால் வேறு இடங்களிலும் எழுந்தன. 1922இல் ஜாக் வின்ஸ்லோ மராட்டிய நாட்டில் கிறிஸ்த சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1950இல் குளித்தலை அருகே காவிரிக் கரையில், கத்தோலிக்கத் துறவிகளான மோன்ஷானனும் லெ சோவும் சாந்திவனத்தை அமைத்தார்கள். அங்கே பின்னால் வந்து சேர்ந்த பீட் கிரிஃபித்ஸின் பெயர் உலகம் முழுக்கப் பரவிற்று. திருப்பத்தூருக்கு அந்தப் புகழ் வரவில்லை. ஆள்பலமும் பெரிதாகக் கூடவில்லை. மணத்துறவு பிராட்டஸ்டண்ட் வீடுகளுக்குப் பழக்கமில்லாதது. பிள்ளையை டாக்டராக்கி அனுப்பச் சம்மதிக்கும் பெற்றோர்கூட, அவன் கல்யாணம் வேண்டாம் என்றால் போதகரிடம் ஓடிவந்து முறையிடுவார்கள். பெரியண்ணனும் சின்னண்ணனும் முதுமை வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள்.