சீனக்குடாவும் பலெம்பாங்கும்



திருக்கோணமலை உட்துறைமுகத்தின் ஓரத்திலே சீனக்குடா விமானத்தளம் அமைந்துள்ளது. தேசப்படத்தை விரித்து, அத்தளத்திலிருந்து தென்கிழக்கே சுமாத்திராத் தீவின் பலெம்பாங் நகர் வரை ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். மாணவர்க்கு நான் விரும்பிக் கொடுக்கும் பயிற்சி இது. நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர். அதாவது 1,800 மைல். தூரத்தை நூல் சொல்லிவிடும். பயண நேரத்தைச் சரித்திரந்தான் சொல்லவேண்டும்.

பலெம்பாங், பழைய ஸ்ரீவிசயப் பேரரசின் தலைநகர். ஏழாம் நூற்றாண்டில் அப்பேரரசின் வழியாக மேற்கே வந்த வூசிங் என்னும் சீனத் துறவியின் கடற்பயணத்தை, அவர் காலத்தவரான இத்சிங் நாட்கணக்கோடு எழுதிவைத்துள்ளார். ஸ்ரீவிசயத்திலிருந்து மலாயுவுக்கு 15 நாள்; அங்கிருந்து கடாரத்துக்கு 15 நாள்; நாகபட்டினத்துக்கு 30 நாள்; ஈழத்துக்கு மேலும் 2 நாள். ஆக 62 நாள். கடாரத்திலே குளிர்காலம் கழியும்வரை காத்துக் கிடந்த காலம் இக்கணக்கிற் சேரவில்லை. 1025ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிசயத்தின்மேற் படையெடுத்த இராசேந்திர சோழனின் மரக்கலங்களும் காற்றின் தயவிலேதான் சென்றன. கடலரசன் எனினும் காற்றுக்குக் கட்டளையிட முடியுமா?

காற்றுக்குக் காத்திராத பயணமொன்று 1944இல் நிகழ்ந்தது. பலெம்பாங்கின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் 1942 முதல் யப்பானியர் வசம் இருந்தன. அவற்றைத் தாக்கும்பொருட்டு, வங்காளத்தில் நிலைகொண்டிருந்த அமெரிக்க பீ-29 விமானங்கள், நீட்டிச் செப்பனிடப்பட்ட சீனக்குடா ஓடுபாதைக்கு வந்து சேர்ந்தன. ஆகஸ்ட் 10ஆம் நாள் மாலை 54 விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கிளம்பின. போய்வரும் வழி ஏறத்தாழ 3,900 மைல். நேரம் ஏறக்குறைய 18 மணி. இடையிலே இறங்க ஓரிடமுமில்லை. ஆகவே எரிபொருளே பெருஞ்சுமையாயிற்று. குண்டுகளுக்கு எஞ்சிய இடம் சிறிதே. விழுந்தவரை மீட்கப் பிரித்தானியக் கப்பல்கள் வழியிலே நிறுத்தப்பட்டிருந்தன.

அந்த முன்னேற்பாடு வீண்போகவில்லை. 39 விமானங்கள் இலக்கை எட்டின. 31 விமானங்கள் ஆலைமீது குண்டு வீசின. எட்டு, மூசி ஆற்றிலே கண்ணிவெடிகளை இட்டன. திரும்பும் வழியில் ஒரு விமானம், சீனக்குடாவுக்கு ஏறத்தாழ 90 மைல் தொலைவில், எரிபொருள் தீர்ந்து கடலிலே இறங்கியது. உயிர் தப்பியோரைத் தேடி மீட்டனர். ஏனையோர் வந்திறங்கியபோது மறுநாள் முற்பகலாகிவிட்டது. இரவு முழுதும் கருங்கடலுக்கு மேலே எரிபொருள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த அந்த இளைஞர்களை நினைக்கும்போது, கடாரத்துத் துறவியின் காத்திருப்பு எனக்கு இளைப்பாறலாகவே தோன்றுகிறது.

பலனோ சொற்பம். ஆலைக்கு நேர்ந்த சேதம் சிறிதென்று பின்னர் தெரியவந்தது. இலங்கையிலிருந்து இத்தகைய தாக்குதல் மறுபடி நடைபெறவில்லை.

இன்றைய பயணிகள் ஜெட் விமானத்தின் வேகத்துக்கு அந்நூற்கோடு மூன்றரை மணி நேர வழி. சீனக்குடாவில் இப்போது இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி இயங்குகிறது. அன்று பாரவிமானங்கள் ஏறிய தளத்திலேதான் இன்று இளையோர் பறக்கப் பயில்கின்றனர்.