பன்னிரண்டுக்கு ஒன்று

பள்ளிக்கூடத்தில் சாய்வு என்றால் ஒரு சூத்திரம். ஏறிய உயரத்தைக் கிடையாகக் கடந்த தூரத்தால் வகுக்க வேண்டும். கொத்தனார் இதையே ‘வாட்டம்’ என்பார். பெயர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கோடு மனிதர்கள் மல்லுக்கட்டிய கதைதான் ஊட்டி ரயிலின் வரலாறு.

நீலகிரிக்கு ரயில் விடும் யோசனை 1854-லேயே வந்துவிட்டது. ஆனால் குன்னூருக்கு ரயில் போனது 1899-ல், ஊட்டிக்குப் போனது 1908-ல். இத்தனை தாமதத்துக்குப் பணமுடை ஒரு பக்கம், சரிவு இன்னொரு பக்கம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,200 மீட்டர். பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஏறக்குறைய 25 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ரயில் சராசரியில் ஏறுவதில்லை. சக்கரத்துக்கு அடியில் அந்த இடத்தில் என்ன சரிவோ, அதில்தான் ஏற வேண்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே அது 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவுக்குப் போகிறது. அதாவது நூற்றுக்கு எட்டுக்கும் சற்று மேல்.

எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. இப்படிப்பட்ட ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிச் சுழலும், வண்டி நகராது. இறங்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். இதற்கு வழி சொன்னது சுவிஸ் எஞ்சினியர் ரோமன் ஆப்ட்டின் முறை. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு பட்டைகள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எஞ்சினின் பல்சக்கரங்கள் அவற்றைக் கவ்விக்கொண்டே ஏறும். எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு நம் நாட்டு விதிகள் அனுமதிக்கும் உச்ச சரிவும் 12-க்கு 1 தான்! ரயிலுக்குப் பல்சக்கரம் தேவைப்பட்ட அதே ஏற்றத்தில் ஒரு மனிதர் தன் கை பலத்தால் ஏற வேண்டும்.

எங்கள் பகுதி அலுவலகம் ஒன்றில் மூன்று படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் போட்டிருக்கிறார்கள். டேப் வைத்து அளந்தேன். உயரம் 45 சென்டிமீட்டர், கிடைநீளம் 1.5 மீட்டர். நூற்றுக்கு 30! ஊட்டி ரயிலின் கடும் ஏற்றத்தைப் போல மூன்றரை மடங்கு. விதிப்படி நீளம் 5.4 மீட்டர் வேண்டும்.

இடமில்லை என்பார்கள். மலையிலும்தான் இடமில்லை. அதனால்தான் அந்த ரயில் பாதையில் 208 வளைவுகள். சாய்தளத்தையும் அப்படி மடக்கிக் கட்டலாம். அடுத்த முறை ஒரு சாய்தளத்தைப் பார்த்தால் உயரத்தை அளந்து பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். நீளம் அதற்குக் குறைவாக இருந்தால், கட்டியவரிடம் கேளுங்கள்.