கரும்பும் வாலையும்



நாம் பணிபுரியும் தோட்டப் பள்ளியில், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு நாள் நீராவியைப் பற்றிப் பாடம் நடத்தினோம். நீர் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவி குளிர்ந்த மூடியில் பட்டு மறுபடியும் நீராகிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினோம். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், எங்க தாத்தா அந்தக் காலத்துல மண்ணெண்ணெய் டின்னுல இப்படித்தான் காய்ச்சுவாராம். மேல குவாலி வெச்சுப் பச்சைத் தண்ணி ஊத்துவாராம்" என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவனைக் கூப்பிட்டு அதை வரையச் சொன்னோம். அவன் வரைந்த படம் பாடப்புத்தகத்தில் இருந்த படத்தைவிடத் தெளிவாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த டின்னுக்குப் பின்னால் நானூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. கரும்பிலிருந்து வீட்டிலேயே சாராயம் காய்ச்சிய எளிய மக்களின் கதை அது. அவர்கள் காய்ச்சக்கூடாது என்று தடுத்த அரசாங்கங்களின் கதையும் அதில் அடக்கம். அதையே இன்று பார்ப்போம்.

கரும்பு முதன்முதலில் பயிராக்கப்பட்ட இடம் நியூகினித் தீவு என்பர் ஆராய்ச்சியாளர். அங்கிருந்து அது நம் நாட்டு வழியாகவும் இந்தியாவுக்குச் சென்றது. தமிழகத்திலும் அதற்குப் பழைய பெருமை உண்டு. அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்தனர் என்ற செய்தி புறநானூற்றில் வருகிறது. கரும்புச் சாற்றின் குணம் ஒன்று உண்டு. அது நிற்காது. இந்த நாட்டு வெப்பத்தில் காலையில் பிழிந்த சாறு மறுநாளே நுரைத்துப் புளித்துவிடும். காற்றிலும் கரும்பின் தோலிலும் இருக்கும் நொதி, சாற்றின் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. ஆகவே கரும்பு விளைந்த இடமெல்லாம் புளித்த பானமும் இருந்தது. வடமொழி நூல்கள் அதைச் 'சீது' என்று குறிக்கின்றன.

புளித்தது வேறு, வடித்தது வேறு. புளித்த பானத்தில் சாராயச் சத்து கொஞ்சம்தான் இருக்கும். அதைச் சூடாக்கினால் சாராயம் 78 பாகையில் கொதிக்கும், தண்ணீர் 100 பாகையில்தான் கொதிக்கும். ஆகவே முதலில் எழும் ஆவியில் சாராயம் மிகுதி. அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைக்கும் கருவியைத்தான் நம் சித்த வைத்தியர்கள் வாலை என்றார்கள். ஓமத் தீநீர் இறக்குவதும் அதில்தான். அரபு நாட்டார் அதே கருவியை 'அல்-அன்பீக்' என்றனர். அந்தச் சொல்லே போர்த்துகீசியரிடம் போய் 'அலம்பிக்' ஆயிற்று. அந்த அலம்பிக்கைத்தான் போர்த்துகீசியர் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள்.

பிரேசிலில் 1500களில் பெரிய கரும்பாலைகள் எழுந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைப் பிடித்துவந்து வேலை வாங்கினார்கள். ஆலைக்குச் சொந்தக்காரர் சர்க்கரை செய்வார். ஆலை வைக்க வசதியில்லாத சிறு விவசாயி என்ன செய்வான்? சர்க்கரை காய்ச்ச வரிசையாகக் கொப்பரைகளும் நூறு ஆட்களும் வேண்டும். சாராயம் காய்ச்ச ஒரு பிழிபொறியும் ஒரு செம்பு வாலையும் போதும். ஆகவே சிறு விவசாயிகள் கஷாசா என்ற கரும்புச் சாராயம் காய்ச்சிப் பிழைத்தார்கள். போர்ச்சுகல் அரசுக்கு இது பிடிக்கவில்லை. தாய்நாட்டில் திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த சாராயத்தைக் கப்பலில் ஏற்றிவந்து விற்று லாபம் பார்த்தவர்கள் அவர்கள். குடியேற்ற நாட்டான் தானே காய்ச்சிக் குடித்தால் அதை யார் வாங்குவார்? எனவே 1649இல் கஷாசாவுக்குத் தடை போட்டார்கள். தடையை மக்கள் மதிக்கவில்லை. பிறகு ரியோ டி ஜெனிரோவின் ஆளுநர் சால்வடோர் கொரெயா டி சா, காய்ச்சுங்கள், ஆனால் வரி கட்டுங்கள் என்றார். அந்த வரி சிறு உற்பத்தியாளர் தலையில் இடியாய் விழுந்தது.

1660 நவம்பரில், குடாவின் எதிர்க்கரையில் இருந்த விவசாயிகள் படகேறி வந்து ரியோ நகரைக் கைப்பற்றிவிட்டார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து மாதம் நகரம் அவர்கள் கையில் இருந்தது. 1661 ஏப்ரலில் ஆளுநர் படையோடு திரும்பிவந்து, தலைவர்களில் ஒருவரான ஜெரோனிமோ பார்பாலோவின் தலையைத் துண்டித்தார். ஆனால் அதோடு கதை முடியவில்லை. ஆளுநர் செய்தது போர்ச்சுகல் அரண்மனைக்கே பிடிக்கவில்லை. அதே 1661இல் கஷாசா காய்ச்சும் உரிமையை அரசு வழங்கிவிட்டது. ஒரு வாலைக்காக ஒரு நகரமே எழுந்து நின்றது என்பது நமக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அவர்கள் போராடியது போதைக்காக மட்டும் அல்ல. அது அவர்கள் அடுப்பில் உலை ஏறும் வழி. இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே கஷாசா பீப்பாய்களைக் கொடுத்துத்தான் அங்கோலாவில் அடிமைகளை வாங்கினார்கள். போராடிய விவசாயியின் கையும் சுத்தமான கை அல்ல.

ஏறக்குறைய அதே காலத்தில், 1640களில், கரீபியன் கடலில் இருக்கும் பார்படாஸ் தீவில் ஆங்கிலேயர் கரும்பு நட்டார்கள். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரிய கழிவுப் பாகை முதலில் பன்றிக்கும் மாட்டுக்கும் ஊற்றினார்கள். பிறகு அதைப் புளிக்கவைத்து வடித்தார்கள். அதற்குப் 'பேய்க்கொல்லி' என்று பொருள்படும் பெயர் இருந்தது. பின்னால் அதுவே ரம் ஆயிற்று. ஆங்கிலக் கடற்படை 1731 முதல் மாலுமிகளுக்கு நாள்தோறும் அரை பைண்ட் ரம் அளந்தது. அந்த வழக்கத்தை 1970 ஜூலை 31ஆம் நாள்தான் முற்றாக நிறுத்தினார்கள்.

ரம்மோடு ஒரு விசித்திரமான வியாதியும் வந்தது. குடித்தவர்களுக்கு அடிவயிற்றில் முறுக்கும் வலி, மலச்சிக்கல், பிறகு கை மணிக்கட்டு தொங்கிப்போகும். குடியின் கேடு என்றும், தீவின் காற்று என்றும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் வாலையில் இருந்தது. ஆவியைக் குளிர்விக்கும் குழாயையும் வாலையின் தலையையும் ஈயத்தில் செய்திருந்தார்கள். ஈயம் மலிவு, வளைப்பதும் எளிது. சூடான சாராயம் ஈயத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டது. வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மக்கள் 1723லேயே ஈயக் குழாயில் ரம் வடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். வரிக்காக இல்லாமல், குடிப்பவன் உயிருக்காகப் போட்ட சட்டம் அது. இந்த வரலாற்றில் அப்படிப்பட்ட சட்டங்கள் மிகக் குறைவு என்பதால் அதைச் சொல்கிறோம். ஆனாலும் பாடத்தை எல்லாரும் படிக்கவில்லை. இருநூறு ஆண்டு கழித்தும் அமெரிக்காவில் திருட்டுச் சாராயம் காய்ச்சியவர்கள் பழைய மோட்டார் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் குழாயாக வைத்தார்கள். அதன் பற்றவைப்பில் இருந்த ஈயம் அதே வயிற்றுவலியைக் கொண்டுவந்தது.

சிட்னி நகரத்துக் கதை சிறியது, ஆனால் நமக்கு நெருக்கமானது. ஆஸ்திரேலியா கைதிகளின் குடியேற்றமாக இருந்தபோது அங்கே காசுத் தட்டுப்பாடு. இராணுவ அதிகாரிகள் வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வந்த சாராயத்தை மொத்தமாக வாங்கிவைத்து, வேலைக்குக் கூலியாகவே அதை அளந்தார்கள். ஆளுநர் பிளை இந்தப் பண்டமாற்றைத் தடுத்தார். 1807இல் ஜான் மெக்கார்தர் என்ற பெரும்புள்ளிக்கு வந்திறங்கிய வாலைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார். பகை முற்றி, 1808 ஜனவரி 26ஆம் நாள் இராணுவமே ஆளுநரைச் சிறைபிடித்தது. காரணங்கள் வேறும் உண்டு என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். ஆனாலும் அதற்கு 'ரம் கலகம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. வேலை செய்தவனுக்குக் கூலியைப் போத்தலில் கொடுப்பதும், கொடுத்த கூலியைக் கள்ளுக்கடையில் திரும்ப வாங்கிக்கொள்வதும் நமக்கு ஒன்றாகவே படுகின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் முன்னோர் இங்கே முதலில் வெட்டியது ரப்பர் மரத்தை அல்ல, கரும்பை. இன்று செபராங் பிறை என்று அழைக்கப்படும் வெல்லஸ்லி மாகாணத்தில், பத்து காவான் பக்கம் சீனர்கள் முதலில் கரும்பு பயிரிட்டார்கள். 1840களில் ஐரோப்பியத் துரைமார்கள் அதில் இறங்கினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அந்தக் காடுகளில் வடிகால் வெட்டினார்கள், கரும்பு சுமந்தார்கள், கொப்பரை அடியில் நின்று வெந்தார்கள். சர்க்கரையோடு ரம்மும் அங்கிருந்து ஏற்றுமதியாயிற்று. பிறகு ரப்பர் விலை ஏறவே கரும்பு மறைந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. கிரியான் வட்டாரத்துக் கோலா குலா என்ற ஊரின் பெயரில் மட்டும் 'குலா' என்று சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சாராய விவகாரத்தில் ஆங்கிலேயர் ஆட்சியின் கணக்கு எளிமையானது. பினாங்கில் தொடக்க நாள் முதலே சாராயம் விற்கும் உரிமையை ஏலம் விட்டுப் பணம் பண்ணினார்கள். ஏலம் எடுத்தவனைத் தவிர வேறு யார் காய்ச்சினாலும் குற்றம். தோட்டங்களில் தமிழனுக்குக் கள்ளுக்கடை திறந்தார்கள். அனுமதி பெற்ற கடையில் குடித்தால் ஒன்றும் இல்லை. லயத்தின் பின்னால் காய்ச்சினால் சிறை. குடிப்பவனின் குடல் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே!

நம் மக்கள் இதை எதிர்க்காமல் இருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். போர் முடிந்தபின் கெடாவில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தொண்டர் படை அமைத்தார். இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் நின்று மறியல் செய்தார்கள். 1947இல் பீடோங் மறியலின்போது போலீசாரோடு மோதல் ஏற்பட்டு ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கள்ளுக்கடையை மூடச் சொல்லித் தமிழன் உயிர் கொடுத்த இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தோட்டத்துத் தமிழன் என்றாலே குடி என்று பேசுகிறவர்களுக்கும் சொல்லலாம்.

கள்ளுக்குப் பக்கத்திலேயே சம்சு வளர்ந்தது. சீனச் சொல் அது. மூன்று முறை காய்ச்சியது என்று பொருள் சொல்வார்கள். சீனர்கள் அரிசியில் வடித்தார்கள். தோட்டங்களில் சீனியோ கழிவுப் பாகோ போட்டு, கடையில் விற்கும் தப்பே ராகியைத் தூவிப் புளிக்கவைத்து, டின்னில் ஏற்றினார்கள். நம் மாணவனின் தாத்தா செய்ததும் அதுதான். பாடம் நடந்த சில நாளில் அவர் வீட்டுக்குப் போனோம். எண்பது வயதுக்காரர். "வாத்தியாரய்யா, பையன் மானத்த வாங்கிட்டான்" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "என் டின்னுல குடிச்சு ஒருத்தனும் கண்ணு போகல. அடுத்த லயத்து ஆள் ஒருத்தன் வெளியிலேர்ந்து வந்த போத்தல வாங்கிக் குடிச்சான். மறுநாளு, விளக்க ஏத்துங்கன்னான். நடு மத்தியானம்."

பெரியவர் சொன்னதில் இரசாயன உண்மை இருக்கிறது. கண்ணைப் பறிப்பது மெத்தனால். பழத்தோல், மரச்சக்கை போன்றவை புளிக்கும்போது அது கொஞ்சம் உண்டாகும். சீனியிலும் கரும்புப் பாகிலும் மிக அற்பம். கொத்துக்கொத்தாக மக்கள் சாகும் இடங்களில் பெரும்பாலும் நடப்பது வேறு. தொழிற்சாலைக்கு வரும் மெத்தனாலைப் பேராசைக்காரன் மலிவுக்காகப் போத்தலில் கலந்துவிடுகிறான். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் முப்பதுக்கும் மேற்பட்டோர் அப்படித்தான் மாண்டார்கள். வீட்டு அடுப்புக்கும் ஆபத்து உண்டு. ஆவி கசிந்தால் தீப்பிடிக்கும். ஈயம் பற்றவைத்த டின்னும், இரசாயனம் இருந்த டின்னும் நஞ்சு கக்கும். அந்தப் பெரியவரின் டின் எவரையும் கொல்லவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர் வீட்டில் கல்யாணம் தள்ளிப்போனதும், பெரிய மகன் ஐந்தாம் ஆண்டோடு பள்ளியை விட்டதும் அதே டின்னால்தான். அதை அவர் மனைவி சொன்னார், அவர் மறுக்கவில்லை.

நியூசிலாந்து நாடு 1996இல் ஒரு புதுமை செய்தது. சொந்தக் குடிப்புக்கு வீட்டில் வாலை வைத்துக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது என்று சட்டத்தை மாற்றியது. அங்கே அதை ஒரு பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். வெப்பமானி வைத்து, செம்பிலும் துருப்பிடிக்காத எஃகிலும் அழகான கருவிகள் வாங்கி, கழிவுப் பாகில் ரம் வடிக்கிறார்கள். நம் நாட்டில் 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சி வடிப்பது குற்றம். எது சரி என்று கேட்டால், குடும்பத்தின் அரிசிப் பணத்தில் வாலை வைப்பவனையும் ஓய்வுநேரத்துக்கு வைப்பவனையும் ஒரே தராசில் நிறுக்க நமக்கு மனம் வரவில்லை.

ஒரு செய்தியை மட்டும் தாய்மார்கள் காதில் போட்டுக்கொள்ளவேண்டும். மெத்தனால் கலந்ததைக் குடித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் அரை நாள், ஒரு நாள் கழித்தே தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு வரும்; கண் முன்னே பனி படர்ந்ததுபோல் மங்கும். குடிமயக்கம், தூங்கினால் தெளிந்துவிடும் என்று படுக்கப் போட்டுவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மிச்சப் போத்தல் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எங்கே வாங்கியது, எப்போது குடித்தது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நேரத்தோடு போனால் மாற்று மருந்து இருக்கிறது. கண்ணையும் உயிரையும் காப்பாற்ற முடியும்.

அடுத்த வாரம் இதே நேரத்தில் தோட்டத்துக் கூட்டுறவுக் கடைகளின் வரலாற்றைப் பார்ப்போம். வணக்கம்.