காகிதப்பூவும் ஒரு கடலோடியும்

கவிஞர்கள் மிகுதியாகப் பாடாத பூ காகிதப்பூ, மணமின்மை காரணமாகலாம். நம் மதில்களில் பூத்துக் குலுங்கும் அச்செடியின் தாயகம் தென்னமெரிக்கா. பூகன்வில்லா என்பது அதன் தாவரவியற் பெயர். 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடற்பயணத் தலைவர் பூகன்வில்லின் நினைவாக இடப்பட்டது. 1767இல் ரியோ தெ ஜனைரோவில் அதனைத் திரட்டியவர் அப்பயணத்தின் தாவரவியலார் கொமெர்சன் என நூல்கள் கூறும். அவரோ காற்புண்ணால் நடக்க இயலாது துன்புற்றிருந்தார். செடியைக் கொய்து வந்தவர் அவருடைய உதவியாளரே என ஆய்வாளர் சிலர் கருதுவர். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

அவ்வுதவியாளர் ஆணுடை புனைந்த பெண். ழன் பாரே என்பது பெயர். 1740இல் பர்கண்டியில் எளிய குடியிற் பிறந்து, கொமெர்சன் இல்லத்தில் பணியாற்றியவர். கடற்படைக் கப்பலில் மகளிர் செல்வதைப் பிரெஞ்சு அரசு 1689இலேயே தடை செய்திருந்தது. (கடல்வழிச் செலவு மகளிரோடு இல்லை என்னும் தொல்காப்பியம் பயின்ற நமக்கு இது வியப்பன்று.) ழன் என்பதைப் பிரெஞ்சில் எழுதி இறுதி எழுத்து இரண்டைக் களைந்தால் ழான் என்னும் ஆண்பெயர் கிடைக்கும். அப்பெயர் பூண்டு, மார்பை இறுகக் கட்டி, நூற்றுக்கு மேற்பட்ட ஆடவர் நிறைந்த எத்துவால் கப்பலில் ஏறினார்.

மகெல்லன் நீரிணையின் பனிமலைகளில் உணவும் படைக்கலமும் செடிகளை வைக்கும் ஏடுகளும் சுமந்து நடந்தார். கொமெர்சன் அவரைப் பொதிவிலங்கு என அழைத்ததாகப் பூகன்வில் எழுதியுள்ளார். பாராட்டும் நோக்கில்தான் எழுதினார். ஆயினும் அச்சொல் உறுத்துகிறது.

1768 ஏப்ரலில் தாகித்தித் தீவினர் அவரைப் பெண்ணென இனங்கண்டனர் என்பது பூகன்வில் கூற்று. உடன் சென்றோர் குறிப்புகள் இடத்தையும் நிகழ்ச்சியையும் மாற்றிச் சொல்கின்றன. கொடுமை நேர்ந்ததற்கான குறிப்பும் அவற்றுள் உண்டு. யாவும் ஆடவர் எழுதியவை. பாரே எழுதிய பயணக்குறிப்பு ஒன்றும் கிடைத்திலது.

அவ்வாண்டின் இறுதியில் இருவரும் மொரீசியசில் தங்கிவிட்டனர். 1773இல் கொமெர்சன் அங்கே இறந்தார். மறு ஆண்டு பாரே ஒரு படைவீரரை மணந்தார். 1775 அளவில் பிரான்சு திரும்பியபோது உலகைச் சுற்றிய முதற்பெண் ஆனார். 1785இல் அரசு ஆண்டுக்கு 200 லிவர் உதவித்தொகை வழங்கியது. 1807இல் மறைந்தார்.

பயணத்தில் திரட்டப்பட்ட செடிகள் 6,000க்கு மேல் என்பர். அவற்றுள் ஒன்றுக்குக் கொமெர்சன் பாரேயின் பெயரை இட்டார். அதற்கு வேறு பெயர் முன்னரே வழங்கியமையால் அது நிலைக்கவில்லை. 2012இல்தான் ஈக்வடார், பெரு நாடுகளில் வளரும் ஒரு செடிக்குச் சொலானம் பாரேத்தியே என அறிஞர் பெயரிட்டனர். நம் கத்தரியும் சுண்டையும் அதே பேரினத்தைச் சேர்ந்தவை.