தொடக்கப்பள்ளியில் சமய விழா: இசைவும் இணைவும்

முன்னுரை

இந்தியத் தொடக்கப்பள்ளிகளில் சமய விழாக்கள் இடம்பெறுவது பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எந்தெந்தச் சமயத்தின் விழாக்கள் கொண்டாடப்படுகின்றன என்னும் கணக்கோடு நின்றுவிடுகின்றன. எல்லாச் சமயங்களின் விழாக்களும் பட்டியலில் இடம்பெற்றால் அனைவரும் உள்ளடங்கிவிடுவர் என்பது அக்கணக்கின் அடிப்படை. விழாவை நடத்துபவர் யார், குழந்தையின் பங்கேற்புக்கு இசைவு தருபவர் யார் என்னும் வினாக்களே இவற்றுள் முதன்மையானவை என்பதை வரலாற்றுச் சான்றுகள் கொண்டு நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

பெல்லாரி அறிக்கை

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுக்கல்வி நிலை குறித்த விவரங்களை மாவட்ட ஆட்சியர்களிடம் கோரினார். அதற்கு விடையாக வந்தவற்றுள் பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. காம்ப்பெல் 1823 ஆகஸ்டு 17 அன்று எழுதிய அறிக்கை குறிப்பிடத்தக்கது. அம்மாவட்டத்தில் 533 பள்ளிகளும் 6,641 மாணவர்களும் இருந்தனர். கன்னடப் பள்ளிகள் 235, தெலுங்கு 226, மராத்தி 23, பாரசீகம் 21, தமிழ் 4, ஆங்கிலம் 1. எஞ்சிய 23 பிராமணர்களுக்கே உரிய வடமொழிப் பள்ளிகள். மாணவர்களுள் இசுலாமியர் 243 பேர். பெண் குழந்தைகள் 60 பேர் மட்டுமே.

இந்துக் குழந்தை பள்ளியில் சேரும் சடங்கையும் காம்ப்பெல் விவரிக்கிறார். குழந்தைக்கு ஐந்து வயது நிரம்பியதும் ஆசிரியரும் மாணவர்களும் பெற்றோரின் இல்லத்திற்கு அழைக்கப்படுகின்றனர். பிள்ளையார் திருவுருவத்தைச் சுற்றி அனைவரும் அமர்கின்றனர். ஆசிரியர் அருகிருந்து குழந்தையை வேண்டுதல் சொல்லச் செய்து, அதன் விரலைப் பிடித்து அரிசியில் இறைவன் பெயரை எழுதுவிக்கிறார். பெற்றோர் தத்தம் வசதிக்கேற்ற அன்பளிப்பை ஆசிரியருக்கு வழங்குகின்றனர். மறுநாள் காலையில் கல்வி தொடங்குகிறது.

இவ்விவரிப்பில் கருதத்தக்கது சடங்கின் களமாகும். சடங்கு வீட்டில் நிகழ்கிறது. பள்ளி அதற்கு விருந்தாகச் செல்கிறது. அழைப்பவர் பெற்றோர் என்பதால் அவர்தம் இசைவு சடங்கின் தொடக்கத்திலேயே அமைந்துவிடுகிறது. இதனைக் கொண்டு அன்றைய பள்ளி அனைவரையும் அணைத்துக்கொண்டது எனக் கொள்ள இயலாது. பெண் குழந்தைகளின் எண்ணிக்கையே அதற்கு மறுப்பாகும். மாணவர்களைச் சாதி வாரியாகப் பிரித்துக் காட்டிய மன்றோவின் கணக்கெடுப்பு முறையும் சமூகப் படிநிலை பள்ளிக்குள் இயங்கியதை உணர்த்துகிறது.

விழாவும் ஆசிரியர் வருவாயும்

திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கு நிலையான அரசு ஊதியம் இல்லை. மாணவர் தரும் கட்டணம், தானியம், விழாக்கால அன்பளிப்பு ஆகியவையே அவர்தம் வருவாய். ஆந்திரப் பகுதியின் தசரா வழக்கம் இதற்குத் தக்க சான்று. மாணவர்கள் அலங்கரித்த வில்லேந்தி, ஆசிரியருடன் வீடுவீடாகப் பாடிச் சென்றனர். ஆசிரியருக்குக் காசும் பிள்ளைகளுக்குப் பருப்பும் வெல்லமும் கிடைத்தன. தமிழகத்திலும் நவராத்திரிக் காலத்தில் மாணவர்கள் கோலாட்டமடித்து வீடுகளுக்குச் செல்லும் வழக்கம் இருந்தது. ஆகவே, பள்ளி விழா வழிபாடாக மட்டுமன்றி, ஊர் தன் ஆசிரியரைப் பேணும் பொருளியல் ஏற்பாடாகவும் விளங்கியது. அரசு ஊதியமும் நிதியுதவியும் வந்தபின் அப்பொருளியல் தேவை நீங்கியது. விழாவோ வழக்கமாக எஞ்சிப் பள்ளிக் கட்டடத்திற்குள் இடம்பெயர்ந்தது. வீட்டார் அழைக்கும் நிலை மாறிப் பள்ளியே நடத்தும் நிலை தோன்றியது.

விலகலும் இசைவும்

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை, அரசு நிறுவனங்களில் சமயச் சார்பற்ற கல்வியையும், நிதியுதவி வழங்குவதில் சமய நடுநிலையையும் வலியுறுத்தியது. இங்கிலாந்தின் 1870ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம், சமயப் பாடத்திலிருந்து தம் குழந்தையை விலக்கிக்கொள்ளும் உரிமையைப் பெற்றோருக்கு அளித்தது. பெற்றோரின் சமயத்திற்குரிய வழிபாட்டு நாள்களில் குழந்தை பள்ளிக்கு வரவேண்டியதில்லை என்றும் அது விதித்தது. எனினும், விரும்பாதவரே முன்வந்து விலக வேண்டும் என்பது அதன் அமைப்பு.

இந்திய அரசியலமைப்பு இதனின் வேறுபட்ட நெறியைக் கைக்கொண்டது. வரைவின் 22ஆம் உறுப்பு 1948 டிசம்பர் 7 அன்று விவாதிக்கப்பட்டபோது, சமயங்களின் பன்மையையும் ஒவ்வொன்றும் தன்னையே உண்மை நெறியாகக் கொள்வதையும் அம்பேத்கர் சுட்டினார். அப்பூசல் பள்ளிக்குள் புகலாகாது என்பது அவர் வாதம். இறுதி வடிவில் 28(1)ஆம் பிரிவு, முற்றிலும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனங்களில் சமயப் போதனையைத் தடை செய்கிறது. அரசின் ஏற்போ நிதியுதவியோ பெற்ற நிறுவனங்களில் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்குமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது 28(3)ஆம் பிரிவு; மாணவர் சிறாராயின் பாதுகாவலர் இசைவு வேண்டும். இங்கு மறுப்பவர் விலக வேண்டுவதில்லை. இசைவு பெறும் பொறுப்பு பள்ளிக்கு உரியது. 29(2)ஆம் பிரிவு சமயம், சாதி முதலியன காட்டிச் சேர்க்கை மறுப்பதைத் தடுத்துக் கதவைத் திறக்கிறது. 28(3)ஆம் பிரிவு கதவுக்குள் வந்த குழந்தையின் மனச்சான்றைக் காக்கிறது.

அறிதலும் வழிபடலும்

சமயங்களைப் பற்றிக் கற்பித்தல் வேறு, சமயப் போதனை வேறு என 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இவ்வேறுபாடு விழாவுக்கும் பொருந்தும். ரமலான் நோன்பையோ பொங்கலையோ பற்றிய பாடம் அறிதலின் பாற்படும். குழந்தைகளைக் கைகூப்பச் செய்து நிகழ்த்தும் பூசை வழிபாட்டின் பாற்படும். இரண்டையும் விழா என்னும் ஒரே சொல்லால் சுட்டுவதே குழப்பத்தின் தோற்றுவாய்.

கேரளத்தின் எழுத்தினிருத்து இதற்கு மாற்று வழி காட்டுகிறது. பெல்லாரி அறிக்கை குறிப்பிடும் அரிசியெழுத்து அங்கு விசயதசமியன்று கோயில்களோடு நூலகங்களிலும் தேவாலயங்களிலும் நிகழ்கிறது; பிற சமயக் குழந்தைகளும் பங்கேற்கின்றனர். மட்டன்னூர் நகராட்சி நூலகத்தில் 2023இல் பல சமயத் தொடர்களும் சமயம் சாராச் சொற்களும் தெரிவுகளாக வைக்கப்பட்டன. அதனை எதிர்த்த வழக்கில் கேரள உயர்நீதிமன்றம், எழுதும் சொல்லைத் தேர்வது பெற்றோரின் உரிமை என்ற நிலையில் தலையிட மறுத்தது. அழைப்பும் தெரிவும் மீண்டும் பெற்றோரிடமே சென்றமை இங்கு நோக்கத்தக்கது.

முடிவுரை

ஆறு வயதுக் குழந்தை ஆசிரியர் முன்னும் தோழர் முன்னும் மறுப்புச் சொல்லும் நிலையில் இல்லை. விரும்பாதவர் வெளியே நிற்கலாம் என்னும் சலுகை அக்குழந்தையை வேறுபடுத்திக் காட்டுவதாகவே முடியும். எனவே, விழாப் பட்டியலை நீட்டுவதால் மட்டும் இணைவு கைகூடாது. பள்ளி விழாவைப் பாடமாக்கி அனைவருக்கும் உரியதாக்கலாம்; வழிபாட்டை அழைப்பவர் இல்லத்திற்கும் இசைந்தவர் விருப்பத்திற்கும் விடலாம். பெல்லாரியில் பள்ளி விருந்தாகச் சென்ற முறையும் அரசியலமைப்பின் இசைவு நெறியும் சந்திக்கும் இடம் இதுவே.