சாளரமும் செவியும்: காவிரிப் படுகையின் கேட்கும் கூடங்கள் பற்றிச் சில குறிப்புகள்

இப்னு ஸீனா (கி.பி. 980–1037) எழுதிய ‘கிதாபுஷ் ஷிஃபா’வில், ஆன்மா பற்றிய பாகத்தின் நடுவே, ஓசையையும் எதிரொலியையும் ஆராயும் சிறியதோர் இயல் உண்டு. மெய்யியல் பயில்வோர் பெரும்பாலும் இதனைத் தாண்டிச் சென்றுவிடுவர். அறிவின் படிநிலைகளைப் பேசும் பிற்பகுதிகளிலேயே அவர்தம் கவனம் நிலைத்திருக்கும். ஆயினும் அவ்வியலில் இடம்பெறும் கருத்தொன்று என்னை நெடுநாளாக ஈர்த்துவந்துள்ளது. ஓசை அனைத்திற்கும் எதிரொலி (ஸதா) இருக்கவே செய்கிறது. வீடுகளில் அது தனித்துக் கேளாமைக்குக் காரணம், ஓசை பிறக்கும் இடத்திற்கும் அது மோதித் திரும்பும் இடத்திற்கும் இடைப்பட்ட தொலைவு குறைவாயிருப்பதே என்கிறார் அவர். முன்னதும் பின்னதும் ஒரே காலத்தில் வந்து சேர்வதால் செவி அவற்றைப் பிரித்தறிவதில்லை. பாலைவெளியில் பாடுவோன் குரல் மெலிந்தும் கூரையின்கீழ்ப் பாடுவோன் குரல் வலுத்தும் ஒலிப்பது இதனாலேயே என்று அவர் விளக்குகின்றார்.

அளவுகோலோ கருவியோ இன்றிக் கூறப்பட்ட இக்கருத்தை, ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் ஜெர்மானியர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் தம் ஆய்வேட்டில் அளந்து காட்டினார். முதலில் வரும் ஒலியைத் தொடர்ந்து ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு நேரத்திற்குள் வந்துவிடும் எதிரொலி, பேச்சோடு கலந்து அதற்கு வலுச் சேர்க்கிறது. நூற்றில் ஐந்து பங்கைத் தாண்டி வருவதோ பேச்சைக் குழப்பத் தொடங்குகிறது. அந்நேரத்தில் ஒலி கடக்கும் தொலைவு ஏறத்தாழ 17 மீட்டர். நடுத்தர அளவுள்ள பள்ளிவாசல் ஒன்றின் மிம்பரிலிருந்து பின்சுவர் வரை சென்று திரும்பும் வழி இதைவிட அதிகம் என்பதை வாசகர்கள் தம் ஊர்ப் பள்ளியிலேயே காலடி வைத்து அளந்து பார்க்கலாம்.

எனவே கேட்பதற்கென்று அமைந்த எந்தக் கூடத்திலும் இருவேறு தேவைகள் எழுகின்றன. அருகிலிருந்து திரும்பும் ஒலி வேண்டும்; காலந்தாழ்த்தித் திரும்பும் ஒலி வேண்டாம். இத்துடன் மூன்றாவதாக, வெளியோசை உள்ளே வரலாகாது. இம்மூன்றும் ஒருசேரச் சிக்கலாகும் இடம் சாளரமே. திறந்திருக்கையில் அது உள்ளொலியை வெளியேற்றித் தெருவொலியை உள்ளே விடுகிறது. கண்ணாடியிட்டு மூடினாலோ தெருவொலியை ஓரளவே தடுத்து, உள்ளொலியை முகத்தில் அடித்தாற்போல் திருப்பியனுப்புகிறது.

சொற்களே இதன் வரலாற்றைச் சொல்லும். பழந்தமிழில் சாளரத்திற்குக் ‘காலதர்’ என்று பெயர். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. நாம் இன்று வழங்கும் ‘ஜன்னல்’ போர்த்துக்கீசியரின் ‘ஜனேலா’. காற்றுக்கு வழியாயிருந்தது, காற்றை அடைத்து ஒளியை மட்டும் விடும் கண்ணாடித் தட்டாக மாறிய கதை நம் படுகையில் மிக அண்மைக்காலத்தது. அதனை நம் தலைமுறையே கண்டிருக்கிறது.

காவிரிப் படுகையின் கேட்கும் மரபு பெரும்பாலும் சுவரற்ற மரபு. நாகசுரம் திறந்தவெளிக்கென்றே ஆன வாத்தியம். வீதியுலாவிலும் பந்தலிலும் ஒலித்த அதற்குச் சுவர் திருப்பித் தரும் வலு தேவைப்படவில்லை. ஆந்திரத்தின் கரவதியில் 1924இல் பிறந்து, நாச்சியார்கோயில் இராஜம்–துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சைப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து 1999இல் மறைந்த ஷேக் சின்ன மௌலானாவின் வாசிப்பை மண்டபத்திலும் திறந்தவெளியிலும் கேட்டவர்கள், இரண்டும் ஒன்றல்ல என்பர். திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனை இன்றளவும் ஆற்றங்கரைப் பந்தலில்தான் நடைபெறுகிறது. நாகூர் ஹனீபா (1925–2015) பாடிய விழா மேடைகளும் பெரும்பாலும் அத்தகையனவே. மூடிய இசைக்கூடம் அரண்மனைக்குரியதாக இருந்தது. தஞ்சை அரண்மனை வளாகத்துச் சங்கீத மகால் அதற்குச் சான்றாக நிற்கிறது. இசைவல்லவராகவும் இசைப் புரவலராகவும் அறியப்பட்ட இரகுநாத நாயக்கரின் (ஆட்சி 1600–1634) நகரில் அத்தகைய கூடம் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் குடிமக்களின் செவி அங்கே பழகவில்லை.

முஸ்லிம்களின் நிலையும் இதுவே. மதீனாவின் முதற்பள்ளி பேரீச்ச மரத்தூண்களும் ஓலைக்கூரையும் பரந்த முற்றமும் உடையது; ஒலியைத் திருப்பும் கல்மாடமன்று. கூட்டம் பெருகியபோது இமாமின் தக்பீரைப் பின்வரிசைகளுக்கு எடுத்துரைக்க ‘முபல்லிக்’ இருந்தார். உஸ்மானியப் பள்ளிகளில் அவர் நிற்பதற்கென்று தனி மேடையே கட்டப்பட்டது. நமது சோழமண்டலக் கரையின் பழம்பள்ளிகள் பல, தூண்கள் தாங்கும் தட்டையான கற்கூரையுடையவை, குவிமாடம் இல்லாதவை. மெஹர்தாத் ஷுக்கூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய ஆங்கில நூல், காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் பள்ளிகளை அளந்து வரைபடங்களுடன் பதிவு செய்துள்ளது. படுகையின் உள்நாட்டு ஊர்களில் கண்ட பழைய பள்ளிகளோ இன்னும் எளியவை: தாழ்ந்த கூரை, முன்புறத் தாழ்வாரம், ஹவுள், இருபுறமும் இரும்புக்கம்பியும் இரட்டை மரக்கதவும் கொண்ட சாளரங்கள். கண்ணாடி கிடையாது.

இச்சாளரங்கள் ஒலிக்கு என்ன செய்தன என்பதைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவின் ஹார்வர்டுக்குச் சற்றே சென்று வருவோம். 1895இல் அங்குப் புதிதாகக் கட்டப்பட்ட ஃபாக் கலைக்கூடத்து விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் உச்சரித்து நிறுத்தினால் அதன் முழக்கம் அடங்க ஐந்தரை நொடி ஆயிற்று. அதைச் சீராக்கும் பணி வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவரச் செய்து, ஊர் அடங்கிய நள்ளிரவில் ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு, அது அடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. ஆனால் மெத்தையை அலகாக வைத்துக்கொண்டால் உலகில் வேறெவரும் அதனைச் சரிபார்க்க இயலாதல்லவா? ஆகவே அவர் தேர்ந்தெடுத்த அலகு, திறந்த சாளரம். அதன் வழியே சென்ற ஒலி திரும்பி வருவதேயில்லை. ஆகவே அது ஒலியை முழுமையாக விழுங்கும் பரப்பு. ‘திறந்த சாளர அலகு’ என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. இன்றும் உலகெங்கும் மண்டபம் கட்டுவோர் பயன்படுத்தும் கணக்கு அதிலிருந்து பிறந்ததுதான்: கூடத்தின் கனஅளவை 0.161ஆல் பெருக்கி, விழுங்கும் பரப்பின் மொத்த அலகுகளால் வகுத்தால், முழக்கம் அடங்கும் நேரம் நொடிகளில் கிடைக்கும்.

நம் ஊர்ப் பள்ளியொன்றை இக்கணக்கில் இட்டுப் பார்ப்போம். நீளம் 20 மீட்டர், அகலம் 12, உயரம் 5 என்று கொள்வோம். கனஅளவு 1200 கன மீட்டர். சாளரங்கள் பத்து, ஒவ்வொன்றும் 1.8 சதுர மீட்டர், ஆக 18. சுண்ணாம்புச் சுவர், கல்தரை, கூரை ஆகிய எஞ்சிய பரப்பெல்லாம் சேர்ந்து விழுங்குவது ஏறத்தாழ 20 அலகு. சாதாரணக் கண்ணாடியோ பேச்சொலியின் நடுப்பகுதியில் எட்டில் ஒரு பங்கைத்தான் விழுங்கும். 18 சதுர மீட்டருக்கும் சேர்த்து 2 அலகு. சாளரங்களை மூடிய வெறுங்கூடத்தில் முழக்கம் அடங்க 8.8 நொடி ஆகும். பத்தையும் திறந்துவிட்டால் 5.1 நொடி.

வெறுங்கூடத்தில் யார் பேசப்போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயந்தான். மனித உடலும் ஆடையும் நன்றாக ஒலியை விழுங்குபவை, ஆளுக்கு 0.4 அலகு என்று கொண்டால், ஜும்ஆவில் 200 பேர் நிறைந்திருக்கையில் மூடிய கூடத்தில் 1.9 நொடியும் திறந்த கூடத்தில் 1.6 நொடியும் வரும். வேறுபாடு பெரிதன்று. ஆனால் சுபுஹுக்குப் பின் 20 பேர் அமர்ந்து ஹதீஸ் பாடம் கேட்கும் வேளையில், திறந்திருந்தால் 4.2 நொடி, மூடியிருந்தால் 6.4 நொடி. பள்ளியைப் புதுப்பித்தவர்கள் வெள்ளிக்கிழமையை மனத்தில்கொண்டு, ‘ஒலி நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சொல்வதற்கும், அன்றாடப் பாடத்தில் அமரும் முதியவர்கள் ‘ஒன்றும் விளங்கவில்லை’ என்று முணுமுணுப்பதற்கும் காரணம் இந்த எண்களிலேயே இருக்கிறது. இருவர் சொல்வதும் உண்மையே.

பழையதைப் போற்றும் ஆர்வத்தில் ஒன்றை மிகைப்படுத்திவிடக் கூடாது. முன்பு விரித்திருந்த கோரைப்பாய்தான் ஒலியை அடக்கியது என்று சிலர் கூறுகின்றனர். மெல்லிய பாய் பெரிதாக எதையும் விழுங்காது. இன்றைய கம்பளம் அதைவிட எவ்வளவோ மேல். பழைய கூடத்தின் தெளிவுக்குக் காரணம் அதன் தாழ்ந்த கூரையும் திறந்த பக்கங்களுமே. கூரை தாழ்ந்திருந்ததால் இப்னு ஸீனா கூறிய உடனெழும் எதிரொலி குரலுக்கு வலுவூட்டியது. பக்கங்கள் திறந்திருந்ததால் தாழ்ந்து வரும் எதிரொலி வெளியேறியது.

இதற்கு நேரெதிர்க் கோடியில் நிற்பது பீஜப்பூரின் கோல் கும்பஸ். முஹம்மது ஆதில் ஷாஹ் (மறைவு 1656) அடங்கிய அக்கட்டடத்தின் பெருமாடத்தடியில் எழுப்பும் ஓசை பலமுறை திரும்பத் திரும்பக் கேட்கும். மாடத்தின் உட்சுற்றில் ஒருவர் சுவரோடு கிசுகிசுப்பது எதிர்ப்புறத்தில் இருப்பவரை எட்டும். இதனை நேரில் ஆராய்ந்து 1922இல் கட்டுரை எழுதியவர், திருச்சிராப்பள்ளி திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன். ஒளியைப் பற்றிய கண்டுபிடிப்புக்கு முன்பு அவர் ஒலியில் ஆழ்ந்திருந்தார் என்பது பலரும் மறந்த செய்தி. பீஜப்பூருக்கும் தஞ்சைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1670களில் தஞ்சையைக் கைக்கொண்டு மராட்டிய ஆட்சியைத் தொடங்கிய ஏகோஜி, பீஜப்பூர் சுல்தானின் படைத்தலைவராகவே இங்கு வந்தார். அவர் வழிவந்த பிரதாப சிங் (1739–1763) நாகூர் தர்காவின் பெரிய மனாராவை 131 அடி உயரத்தில் எழுப்பினார். ஆயினும் பீஜப்பூரின் மாடக்கலை படுகையில் அன்று வேரூன்றவில்லை. இன்று கான்கிரீட் வழியாக அது வந்துகொண்டிருக்கிறது.

இனி, தெருவொலி. திறந்த சாளரத்தைப் புகழ்ந்துவிட்டு இதைப் பேசாமல் விடுவது நேர்மையன்று. என் இளமையில் பள்ளிச் சாளரத்தினூடே வந்தவை மாட்டுவண்டிச் சத்தமும் வயற்காற்றும். இன்று வருபவை பேருந்தின் காற்றொலிப்பானும், எல்லாச் சமயத்தாரும் நான்கு திசையிலும் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிகளும். மூடுவதற்குத் தேவை இருக்கிறது. ஆனால் நாம் மூடும் முறைதான் பயனற்றது. தடுப்பொன்றின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால், எஞ்சிய பகுதி எவ்வளவு கனமானதாயினும் அத்தடுப்பால் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்க இயலாது. அந்த ஒரு பங்கின் வழியே ஒலியும் நூற்றில் ஒரு பங்கு வந்துவிடும். நன்கு அடைத்துப் பொருத்திய 6 மில்லிமீட்டர்க் கண்ணாடி 30 டெசிபெலுக்குச் சற்று மேலாகவே தடுக்க வல்லது. எங்கும் பொருத்தப்படுகிற, இழுத்து மூடும் அலுமினியச் சாளரத்தின் தண்டவாளத்திலும் இரு கதவுகள் கூடுமிடத்திலும் உள்ள சந்துகளே அந்தத் திறனை வீணாக்கிவிடுகின்றன. வெளியொலியும் நிற்பதில்லை, உள்ளொலியும் அடங்குவதில்லை.

நான் அறிந்த ஒரு பள்ளியில் இதுவே நடந்தது, ஊர்ப்பெயர் வேண்டாம். குளிர்சாதனம் பொருத்துவதற்காகப் பழைய மரக்கதவுகளைக் கழற்றிவிட்டு, எதிரெதிரே இரு சுவர்களிலும் அகன்ற கண்ணாடி வைத்தார்கள். சுவரின் கீழ்ப்பாதிக்குப் பளபளக்கும் ஓடு. கைதட்டினால் இரு கண்ணாடிகளுக்கிடையே ஓசை படபடவென்று துள்ளிற்று. சொல் விளங்கவில்லை என்றதும் ஒலிபெருக்கிகளை இரட்டிப்பாக்கினார்கள். குரல் உயர்ந்தால் அதன் முழக்கமும் அதே அளவு உயரும் என்பதால் குழப்பம் அப்படியே நின்றது, செவிதான் வலித்தது. பேசுபவர் மீது குறை கூறப்பட்டது.

மூடவேண்டிய சாளரத்தை எப்படி மூடுவது என்பதற்கும் முன்மாதிரிகள் உள்ளன. இஸ்தான்புலில் 1557இல் நிறைவுற்ற சுலைமானிய்யா உள்ளிட்ட உஸ்மானியப் பள்ளிகளில் மேற்சாளரங்கள் இரட்டையானவை: சுவரின் உட்புறத்தில் சுதைச்சட்டத்தில் பதித்த வண்ணக்கண்ணாடி, வெளிப்புறத்தில் மற்றொரு சட்டம், இடையே சுவரின் கனமளவு காற்று. அழகுக்கும் மழைக்குமாகச் செய்ததாயினும், இடைவெளி விட்ட இரு தடுப்புகள் ஒலியைத் தடுப்பதில் ஒற்றைத் தடுப்பினும் மேம்பட்டவை. கட்டடக்கலைஞர் ஸினான் தம் மாடங்களில் வாய்திறந்த மண்கலங்களைப் பதித்ததும் பலரறிந்ததே. நம்மவர்க்கு அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. பழைய கனத்த தேக்குக் கதவை வெளிப்புறத்தில் நிறுத்திக்கொண்டு, சட்டத்தோடு இறுகப் பொருந்தும் கண்ணாடியை ஒரு சாண் உள்ளே தள்ளி வைக்கலாம். கண்ணாடியின் முன்னே, அதை ஒட்டாமல் சற்று விலக்கி, மடிப்பு மடிப்பாகக் கனத்த திரை தொங்கவிடலாம். மடித்துத் தொங்கும் கனத்திரை பேச்சொலியில் பாதிக்குமேல் விழுங்கும், ஒட்டித் தொங்கும் மெல்லிய திரையோ வெறும் அலங்காரமே. எதிரெதிர்க் கண்ணாடிகளில் ஒன்றைச் சில பாகையேனும் சாய்த்து வைத்தால் துள்ளல் நின்றுவிடும். மதரஸா உள்ள பள்ளியாயின் ஒருபுறச் சாளரங்களுக்கிடையே கிதாபுகளை அடுக்கிய திறந்த அலமாரிகளை வைக்கலாம். இவற்றின் செலவு, இரட்டிப்பாக்கிய ஒலிபெருக்கிகளின் செலவைவிடக் கூடுதலாகாது.

பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் இயங்கிய இக்வானுஸ் ஸஃபா குழுவினர் இசை பற்றிய தம் நிருபத்தில், ஓசை எத்திசையும் உருண்டையாக விரிவதை, கண்ணாடி ஊதுவோன் ஊத ஊதக் குப்பி விரிவதற்கு ஒப்பிட்டனர். ஓசைக்குக் கண்ணாடியை உவமையாக்கிய அவர்களுக்கு, ஓசைக்குக் கண்ணாடியே பகையாகும் ஒரு காலம் தோன்றும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

மேலே சொன்ன பள்ளியில் இப்போது சுபுஹுப் பாடம் உள்ளே நடப்பதில்லை. யாரும் தீர்மானம் போடவில்லை; முதியவர்கள் தாமாகவே தொழுகை முடிந்ததும் எழுந்து, ஹவுளுக்கு எதிரேயுள்ள பழைய தாழ்வாரத்தில் வந்து அமர்கிறார்கள். இமாமும் அங்கேயே வருகிறார். தாழ்ந்த ஓட்டுக்கூரை, பின்னால் ஒரு சுவர், மூன்று பக்கம் வெளி. ஒலிபெருக்கி இல்லாமலே கடைசியில் இருப்பவருக்கும் ஸனதில் வரும் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கேட்கின்றன.