அசைவே மருந்து

மூட்டு வலித்தால் அசையாதிருக்க வேண்டும் என்பது உலகெங்கும் நெடுநாள் நிலவிவந்த எண்ணம். தோள் நோகுமாயின் கையைத் துணியால் கழுத்தோடு கட்டிவிடுவார்கள். வலி தணியும், ஆனால் சில மாதம் சென்றபின் கை தலைக்குமேல் எழ மறுக்கும். இவ்வெண்ணம் மாறிய வரலாறே இயன்முறை மருத்துவத்தின் வரலாறு எனலாம்.

1813-இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் பெர் ஹென்ரிக் லிங் என்பார் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவி, நோயாளர்க்கெனவும் பயிற்சிகளை வகுத்தார். 1894-இல் லண்டனில் செவிலியர் நால்வர் கூடி இத்தொழிலுக்கு ஒரு சங்கம் கண்டனர். இரு உலகப் போர்களில் அங்கம் பழுதுற்றுத் திரும்பிய வீரர்களின் தேவையால் இக்கலை விரைந்து வளர்ந்தது. போஸ்டன் நகர அறுவை மருத்துவர் காட்மன், 1934-இல் தோளைப் பற்றியே பெருநூல் ஒன்று வெளியிட்டார். 'உறைந்த தோள்' என்ற பெயரைத் தந்தவர் அவரே. குனிந்து நின்று கையை ஊசலாட விடும் பயிற்சி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

நம் நாட்டில் இக்கலைக்கு வித்திட்டது ஒரு துயரம். 1952-இல் பம்பாயில் பரவிய இளம்பிள்ளை வாதத்தை அடுத்து, அந்நகரின் கே.இ.எம். மருத்துவமனையில் இயன்முறைப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் அமர்ந்தே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால், 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. ஐதராபாத்தில், நிஜாமின் அறக்கொடையால் பஞ்சாகுட்டாவில் 1964-இல் எலும்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதுவே பின்னர் 'நிம்ஸ்' எனப்படும் மருத்துவக் கல்வி நிலையமாக வளர்ந்தது.

எனினும் இம்மருத்துவம் முற்றுப்பெறும் இடம் வீடே. மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, நோயுற்ற கையைத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டலாம். சுவரில் விரல்களை மெல்ல மேலேற்றலாம். கப்பியில் கயிறிட்டு, நல்ல கையால் இழுத்து மற்றக் கையை உயர்த்துவதும் ஒரு முறை. கிணற்றில் நீர் இறைத்தவர்க்கு இது புதிதன்று. தேய்ந்த குருத்தெலும்பைப் பயிற்சி மீட்டுத் தராது. ஆயினும் எஞ்சிய அசைவைக் காத்து, சுற்றியுள்ள தசைக்கு வலுவூட்டும். தலை வாரவும் பரணில் உள்ளதை எடுக்கவும் பிறர் கையை எதிர்பாராத நிலை சிறிய பேறா?

முதலில் மருத்துவரைக் காண்பது அவசியம். நீரிழிவு உள்ளோர்க்குத் தோள் இறுகுதல் மிகுதி. மார்பு வலியோடு கூடிய தோள்வலியோ, காய்ச்சலோடு கூடிய வீக்கமோ ஒரு கணமும் தாமதிக்கத் தக்கதன்று.

அயல்மொழி வழங்கும் மருத்துவமனையில் நோயைச் சொல்லத் தயங்கி, கையை மடியில் வைத்தே காலம் கழிக்கும் முதியோர் நம்மிடையே உளர். தெலுங்கில் தோள் 'புஜம்'; வலி 'நொப்பி'. முன்னது நாமும் அறிந்த சொல்லே. பின்னதைக் கற்க ஒரு நொடி போதும். அவ்விரு சொற்களோடு நம் பெரியோரை அழைத்துச் செல்வோமாக.